பேண்ட் ஆரம்பிக்கும்போதே பங்கை எழுதி வையுங்கள்

இசைக்குழு நடத்துகிறவர்கள் வக்கீலைத் தேடி ஒன்றாக வருவது அபூர்வம். பெரும்பாலும் குழு உடைந்த பிறகு, ஆளுக்கு ஒரு வக்கீலாகத்தான் போகிறார்கள். "அப்போ பங்கு பத்தியெல்லாம் பேசவே இல்ல சார், எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ்" என்பதை நான் அடிக்கடி கேட்கிறேன். அப்படிச் சொல்லும் ஒவ்வொருவரிடமும் தி ஸ்மித்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் கதையைச் சொல்கிறேன். கிட்டார் பிடிக்கிற பிள்ளைகள் பலருக்கு அந்தக் குழுவின் பாட்டு தெரியும், வழக்கு தெரியாது.

1982 அக்டோபரில் மான்செஸ்டரின் ரிட்ஸ் அரங்கில் அவர்களுடைய முதல் கச்சேரி, அதுவும் வேறொரு குழுவுக்கு முன்னால் வாசிக்கக் கிடைத்த சின்ன வாய்ப்பு. பாடியவர் மாரிசி, கிட்டார் ஜானி மார், டிரம்ஸ் மைக் ஜாய்ஸ். பேஸ் கிட்டாருக்கு ஆண்டி ரூர்க் அப்புறம்தான் வந்து சேர்ந்தார். துணி வியாபாரம் செய்துவந்த ஜோ மாஸ் என்பவர் தன் கைப்பணத்தைப் போட்டு முதல் பாட்டைப் பதிவு செய்ய உதவினார். 1983 மே மாதம் ரஃப் டிரேட் என்ற லேபிளில், அதாவது இசைத்தட்டு நிறுவனத்தில், வந்த அந்த முதல் சிங்கிள் (தனிப்பாட்டு இசைத்தட்டு) பெரிதாக விற்கவில்லை, ஆனால் பிபிசி வானொலித் தொகுப்பாளர் ஜான் பீலின் நிகழ்ச்சிக்காக வாசித்தது குழுவை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டாவது சிங்கிள் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 25ஆவது இடம், 1984இல் முதல் ஆல்பம் 2ஆவது இடம், 1985இல் அடுத்த ஆல்பம் முதலிடம்! சின்ன மேடையிலிருந்து அங்கே போய்ச் சேர மூன்று வருடம்கூட ஆகவில்லை.

இந்த வேகத்தில் யாரும் உட்கார்ந்து பங்கு எழுதவில்லை. லேபிளோடு போட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் மாரிசியும் மாரும் மட்டும்தான். பாட்டு எழுதியதற்கான வருமானம் அவர்கள் இருவருக்கு என்பதில் பிரச்சினையே இல்லை, எழுதியவர்கள் அவர்கள்தான். சண்டை வந்தது ஒலிப்பதிவிலும் கச்சேரியிலும் வந்த பணத்துக்கு. அதில் அந்த இருவரும் ஆளுக்கு 40 சதவீதம், மற்ற இருவருக்கும் ஆளுக்கு 10 என்று பிரிக்கப்பட்டுவந்தது.

1987இல் குழு கலைந்தது. பணக் கஷ்டத்தில் இருந்த ரூர்க் 1989இல் 83,000 பவுண்டும் இனி வரும் வருமானத்தில் 10 சதவீதமும் போதும் என்று சமாதானமாகிவிட்டார். ஜாய்ஸ் விடவில்லை. 1996இல் லண்டன் உயர் நீதிமன்றம் அவருக்குக் கால் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. மாரிசியின் மேல்முறையீடும் 1998இல் தள்ளுபடியானது. காரணம் மிக எளிது: அந்த நாட்டின் 1890ஆம் ஆண்டு பார்ட்னர்ஷிப் (கூட்டாண்மை) சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால் எல்லாருக்கும் சம பங்கு. கணக்குத் தாள் கைக்கு வந்தபோது ஜாய்ஸ் சும்மா இருந்துவிட்டார் என்பதை மட்டும் வைத்து, குறைந்த பங்குக்குச் சம்மதித்தார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை.

அது வெள்ளைக்காரர் சட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம்முடைய 1932 கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 13 சொல்வதும் இதேதான். லாபத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேசிச் சேர்ந்து தொழில் செய்தாலே நீங்கள் பார்ட்னர்கள் ஆகிவிடலாம், பத்திரம் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே ராப்பகலாக மெட்டுப் போட்டு, வாய்ப்புத் தேடி அலைந்து, வேனுக்கு வாடகை கொடுத்தவருக்கும், கச்சேரி அன்றைக்கு மட்டும் வந்து நின்றவருக்கும் ஒரே பங்கு என்று ஆகிவிடக்கூடும். அது நியாயமா என்பது நீங்கள் பேச வேண்டிய விஷயம். பேசாமல் விட்டால் சட்டம் தன் கணக்கைப் போட்டுவிடும்.

நம் ஊர்க் குழுக்களில் நான் அதிகம் பார்க்கும் சிக்கல் இன்னொன்று. கச்சேரிப் பணம் முழுக்க ஒருவரின் ஜிபே எண்ணுக்கு வருகிறது, டிடிஎஸ் அவருடைய பான் எண்ணில் பிடிக்கப்படுகிறது, யூடியூப் சேனலும் அவருடைய ஜிமெயிலில்தான் இருக்கிறது. வருமான வரிக் கணக்கில் எல்லாம் அவர் சம்பாத்தியம் மாதிரித் தெரியும், மற்றவர்களுக்குக் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. பிரியும்போது இரண்டு பக்கமுமே மாட்டிக்கொள்கிறது, பணம் வாங்கியவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிடுவதும் பல நேரம் நியாயமில்லை.

அதனால் முதல் கச்சேரிக்கு முன்பே, பிரிக்கப் பணமே இல்லாத காலத்தில், ஒரு பத்திரம் எழுதிவிடுங்கள். பணம் வந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் அது பேரமாகத்தான் முடியும். பாட்டு எழுதியதற்கான வருமானத்தையும் வாசித்ததற்கான வருமானத்தையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். குழுப் பெயர் யாருக்கு, ஒருவர் விலகினால் அந்தப் பெயரில் அவர் வாசிக்கலாமா, பொதுப் பணத்தில் வாங்கிய ஆம்ப் (ஒலிபெருக்கி) யாரிடம் போகும், சேனலின் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கூட்டாண்மையைப் பதிவாளரிடம் பதிவு செய்வது கட்டாயமில்லைதான், ஆனால் பதிவு செய்யாத கூட்டாண்மை, பேசிய பணத்தைத் தராத கச்சேரி ஏற்பாட்டாளர் மேல் ஒப்பந்தப்படி வழக்குப் போட முடியாது, பிரிவு 69 குறுக்கே நிற்கும்.

ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருக்கும் குழு என்றால் இன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் பங்கு விவரத்தைப் போட்டு, ஒவ்வொருவரும் "சரி" என்று பதில் போடச் சொல்லுங்கள். அது பத்திரம் ஆகாது, ஆனால் நாளைக்கு என்ன பேசினோம் என்று காட்ட ஒரு ஆதாரம். அப்புறம் எல்லாரும் ஒன்றாக ஒரு வக்கீலையோ ஆடிட்டரையோ போய்ப் பாருங்கள்.