சுவிட்சுக்கு யார் சொன்னது?

பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "கணினி அறைக்கு, கணினிகளைக் கேபிளால் இணைக்கும் எட்டு போர்ட் (கேபிள் செருகும் துளை) சுவிட்ச் ஒன்று ஐம்பது வெள்ளிக்கு வாங்கினோம். கேபிளைச் செருகியதும் வேலை செய்கிறது. எந்தக் கணினி எந்த போர்ட்டில் என்று அதற்கு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை, டீச்சர். ஒட்டுக்கேட்டே தெரிந்துகொள்கிறது.

ஒவ்வொரு கணினிக்கும் அதன் வலைப்பின்னல் அடையாளமாக 48 பிட் மேக் முகவரி உண்டு. அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் தலையில் முதலில் பெறுநர் முகவரி, அடுத்து அனுப்புநர் முகவரி. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கும்.

சுவிட்ச் என்பது பல போர்ட் கொண்ட பிரிட்ஜ்தான், அதாவது வலைப்பின்னலின் பகுதிகளை இணைக்கும் பெட்டிதான். எந்த முகவரி எந்த போர்ட்டில் என்று குறித்துவைக்கும் அதன் அட்டவணை, மின்சாரம் வந்த நொடியில் காலி. 3ஆம் போர்ட் கணினி பிரிண்டருக்கு ஒரு பொட்டலம் அனுப்புகிறது. நாமாக இருந்தால் யாருக்கு என்று பார்ப்போம். சுவிட்சோ யாரிடமிருந்து என்பதைக் குறித்துக்கொள்கிறது: 'இந்த ஆள் 3ஆம் பக்கம்.' பிறகுதான் பிரிண்டரைத் தேடும். அட்டவணையில் இல்லையா? வந்த போர்ட்டை விட்டு மற்ற எல்லாவற்றிலும் தள்ளிவிடும். தமக்கில்லாததை மற்ற கணினிகள் கண்டுகொள்ளாது. பிரிண்டர் பதில் சொல்ல வாய் திறந்ததும் மாட்டிக்கொண்டது. அதன் முகவரி 7ஆம் போர்ட் என்று பதிவாகிவிடும். இனி இந்த இருவர் பேச்சு மூன்றாவது ஆள் காதில் விழாது. வாயே திறக்காத கணினி எங்கிருக்கிறது என்று மட்டும் அதற்குத் தெரியவே தெரியாது. எனக்கு இதில் அலுக்காத அழகு இதுதான்.

மறக்கவும் தெரியும். வழக்கமாக 300 விநாடி பேசாதவரின் பெயர் அழிந்துவிடும். மடிக்கணினியை வேறு போர்ட்டுக்கு மாற்றினால், அது அனுப்பும் முதல் பொட்டலத்திலேயே பதிவு திருந்திவிடும்.

இவ்வளவு கெட்டிக்காரப் பெட்டியையும் ஒரு கேபிள் கவிழ்த்துவிடும். தீபாவளிக்கு முந்தின வாரம், பிரிக்பீல்ட்ஸில் அக்காவின் துணிக்கடையில் லைன் போய்விட்டது. போய்ப் பார்த்தால் சுவிட்ச் மேல் எலுமிச்சையும் மிளகாயும் தொங்குகின்றன. "கண்ணு பட்டுருச்சுடா தம்பி." கடையைக் கூட்டிய யாரோ, தரையில் கிடந்த கேபிள் முனையை நல்லெண்ணத்தோடு காலி போர்ட்டில் செருகியிருக்கிறார்கள். மறுமுனையும் அதே சுவிட்சில்! எல்லாருக்குமான ஒரு பொட்டலம் 5ஆம் போர்ட்டில் வெளியேறி, அந்தக் கேபிள் வழியே 6ஆம் போர்ட்டில் நுழைகிறது. மறுபடி எல்லாப் பக்கமும் பரவுகிறது. இத்தனை சுற்றோடு செத்துப்போ என்று ஈதர்நெட் (கேபிள் வழி வலைப்பின்னல் முறை) பொட்டலத்துக்கு ஆயுள் எழுதப்படவில்லை. அனுப்பியவரின் ஒரே முகவரி ஒரு கணம் 2இல், மறுகணம் 5இல், அப்புறம் 6இல். அட்டவணைக்குப் பைத்தியம் பிடிக்காமல் என்ன செய்யும்? கேபிளைப் பிடுங்கினேன், அடங்கியது. பேர் என்னவோ எலுமிச்சைக்குத்தான்.

இதற்கு 1985இலேயே டெக் என்ற கணினி நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் வழி கண்டுவிட்டார். பிரிட்ஜுகள் தமக்குள் பேசி ஒன்றைத் தலைமையாக வைத்து, அதை அடையும் வழிகளில் மிச்சமானதை அடைத்துவிடும். இருக்கும் வழி அறுந்தால் அடைத்ததைத் திறக்கும். மலிவான பெட்டிகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. அதனால் டீச்சர், எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்து மின்னினால், இரு முனையும் அதே பெட்டியில் செருகிய கேபிள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.