பூட்டிய கடையும் கைவிட்ட கடையும்

கொழும்பு நிறுவனமொன்றின் பெயரில் யாழ்ப்பாணத்தில் பிரான்சைஸ் உணவகம் நடத்த விரும்புகிறவர்கள் உடன்படிக்கையில் முதலில் தேடுவது முற்பணத் தொகையையும் மாதக் கட்டணத்தையும்தான். நானென்றால் கடைசிப் பக்கங்களிலிருந்து படிக்கச் சொல்வேன். முடிவுறுத்தல் பற்றிய பந்திகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். அவற்றில் 'கைவிடுதல்' என்றொரு சொல்லும் இருக்கும்; கடையை நடத்தாமல் விட்டுவிடுவதைத்தான் அது குறிக்கும்.

கட்டணம் பிந்தினால், சமையலறையில் குறை கண்டால், வழக்கமாக எழுத்தில் அறிவித்துத் திருத்தத் தவணை தருவார்கள். கைவிட்டதாகக் கொண்டால் பெரும்பாலும் அந்தத் தவணை கிடையாது. ஆகவே எத்தனை நாள் பூட்டினால் கைவிட்டதாகும் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. தொடர்ந்து மூன்று நாள் அல்லது ஐந்து நாள் என்று எழுதப்பட்ட உடன்படிக்கைகள் உண்டு.

இதை எங்கள் ஊர் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். உரிமையாளரின் தகப்பனார் காலமாகிவிடுகிறார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியுமுன் கடை திறக்க வீட்டில் சம்மதிக்கமாட்டார்கள். அந்தியேட்டி 31ஆம் நாள். ஐந்து நாள் கணக்கோ எட்டுக்கு முன்னரே நிரம்பிவிடும். 2020இல் ஊரடங்கு, 2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு என்று அடுப்பு அணைந்த நாட்களையும் மறந்திருக்கமாட்டீர்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிரான்சைஸ் உறவுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. சாதாரண மீறலைத் திருத்தக் குறைந்தது 60 நாள் கொடுக்க வேண்டும். தொடர்ந்து ஐந்து நாள் நடத்தாவிட்டால் உடனே முடிக்கலாம். ஆனால் தீ, வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றால் பூட்டியிருந்தால் அது கைவிடுதல் அல்ல. இலங்கையில் அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. பொதுவான ஒப்பந்தச் சட்டமும் நீங்கள் கையொப்பமிட்ட தாளுமே பேசும். அதனால் மரணவீடு, ஊரடங்கு, ஹர்த்தால், வெள்ளம், எரிவாயு இல்லாமை ஆகியவற்றை விதிவிலக்காகப் பெயர் சொல்லி எழுதுவிக்க வேண்டும். நிறுவனத்திடமிருந்து எழுத்தில் அறிவித்தல் கிடைத்த பிறகே நாள் எண்ணப்படும் என்ற வரியையும் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

முடிவுறுத்தினால் பெயர்ப்பலகையை இறக்க வேண்டும். அதன் பிறகும் அந்தப் பெயரில் விற்றால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வழக்கு வரலாம். கட்டடக் குத்தகை வேறு கதை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். அது உங்கள் பெயரில் இருந்தால் பிரான்சைஸ் போன பிறகும் வாடகை உங்கள் தலையில்தான். குத்தகையை விட்டு விலகும் வழியை அந்த உறுதியிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

வேலையாட்களும் பெரும்பாலும் உங்கள் ஆட்களே, நிறுவனத்தின் ஆட்கள் அல்லர். 15 பேர் அல்லது அதற்கு மேல் வைத்திருந்தவர், ஒழுக்காற்றுக் காரணம் தவிர, அவர்களின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ இன்றி அவர்களை நிறுத்த 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இடம் தராது. கடையை மூடுவதும் இதற்குள் அடங்கும். ஐந்து ஆண்டு வேலை செய்தவருக்கு, ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் சேரும்.

கடையைச் சில நாள் பூட்டவேண்டி வந்தால் தொலைபேசியில் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். காரணத்தையும் திறக்கும் திகதியையும் எழுதிப் பதிவுத் தபாலில் அன்றைக்கே அனுப்பி, பற்றுச்சீட்டை உடன்படிக்கையோடு குத்தி வையுங்கள்.