இழுத்து மூடப்படும் வால்வு: டுகாட்டியில் ஆடி வாங்கியது என்ன?

2012 ஏப்ரல் 18 அன்று, ஜெர்மனியின் ஆடி கார் நிறுவனம் இத்தாலியின் டுகாட்டி மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை வாங்கப்போவதாக அறிவித்தது. விலை ஏறத்தாழ 86 கோடி யூரோ என்று செய்திகள் வந்தன. ஆடியின் வசமிருந்த லம்போர்கினி வழியாகவே இந்தக் கைமாற்றம் நடந்தது. இரண்டு தொழிற்சாலைகளும் போலோனியா வட்டாரத்தில்தான் உள்ளன. உயர்திறன் எஞ்சின்களில் டுகாட்டிக்கு இருந்த தேர்ச்சியை ஆடி அப்போது சிறப்பித்துச் சொன்னது. அந்தத் தேர்ச்சி எங்கே இருக்கிறது என்று தேடிப் போனால், எஞ்சினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள், எரிபொருள் கலவை உள்ளே வரவும் புகை வெளியேறவும் திறந்து மூடும் ஒரு சின்னஞ்சிறு வால்வில் போய் நிற்போம்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறந்து மூட வேண்டும். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் நொடிக்கு 83 முறை. வழக்கமான எஞ்சினில், கேம் என்னும் முட்டை வடிவச் சுழல்பாகம் வால்வைத் தள்ளித் திறக்கிறது. அதை மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எஞ்சின் வேகம் இரட்டித்தால் வால்வை அதன் பாதையில் பிடித்துவைக்கத் தேவைப்படும் விசை நான்கு மடங்காகிறது. ஸ்பிரிங்கின் விசையோ வேகத்துக்கேற்பக் கூடுவதில்லை. ஓர் எல்லைக்கு மேல் வால்வு கேமை விட்டு விலகி மிதக்கும்; மூடாமல் நிற்கும் அந்த வால்வின் மேல் பிஸ்டன் வந்து மோதினால் எஞ்சின் அத்தோடு முடிந்தது. கடினமான ஸ்பிரிங் போடலாம் என்றால், உராய்வும் தேய்மானமும் எல்லா வேகத்திலும் கூடும். 1950களின் ஸ்பிரிங்குகள் பந்தய வேகத்தில் உடைந்துபோகவும் செய்தன.

1954-இல் டுகாட்டியில் சேர்ந்த பொறியாளர் ஃபாபியோ தாக்லியோனி, மூடும் வேலையையும் கேமிடமே ஒப்படைத்தார். டெஸ்மோட்ரோமிக் என்னும் இந்த ஏற்பாடு அவருடைய கண்டுபிடிப்பு அன்று; மெர்சிடிஸின் டபிள்யூ196 பந்தயக் காரில் அது ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதை விடாமல் பற்றிக்கொண்டு, 1956-இல் ஸ்வீடன் கிராண்ட் பிரீயில் 125 சிசி வண்டியில் வெற்றி கண்டு, 1968-இல் சாலையில் ஓடும் வண்டிக்கும் கொண்டுவந்த பெருமை டுகாட்டியுடையது.

வால்வு கவரைக் கழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு வால்வுக்கும், கேமின் அசைவைக் கடத்தும் நெம்புகோல்களான ராக்கர்கள் இரண்டு தெரியும். ஒன்று வால்வின் தலையை அழுத்தித் திறக்கும். கவட்டை போன்று பிளவுபட்ட மற்றொன்று, வால்வின் தண்டைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழிருந்து பற்றி மேலே இழுத்து மூடும். எந்த வேகத்திலும் கேமின் வடிவம் சொல்வதைத்தான் வால்வு செய்யும். மிதப்பதற்கு வழியே இல்லை. இதற்கான விலையும் உண்டு. நம் மெக்கானிக்குகள் டேப்பட் பார்ப்பது என்று சொல்லும் வேலை இங்கே இரண்டு மடங்கு: திறப்புக்கு ஓர் இடைவெளி, மூடலுக்கு ஓர் இடைவெளி, இரண்டையும் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் அளந்து சரிசெய்ய வேண்டும்.

ஆடியின் கீழ் வந்த பிறகு, 2014-இல் டுகாட்டி அறிமுகப்படுத்திய டிவிடி (டெஸ்மோட்ரோமிக் வேரியபிள் டைமிங்) எஞ்சின் இந்தப் பொறியமைப்போடு கார்களில் நெடுநாளாகப் பழகிய ஒரு நுட்பத்தை இணைத்தது. கேமை ஓட்டும் புல்லிக்குள் எண்ணெய் அழுத்தம் செலுத்தி, வால்வு திறக்கும் நேரத்தைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்துவதே அது. இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் அதிவேகத்துக்குக் கூடுதலாகவும், ஊர்ந்து செல்லும்போது குறைவாகவும் இருக்க வேண்டும். டிவிடியில் இரண்டும் ஒரே எஞ்சினில் கிடைத்தன. டெஸ்மோவுக்குப் பொருத்தமான துணை இதுதான் என்பது என் எண்ணம்.

ஆயினும் 2020-இல் மல்டிஸ்ட்ராடா வி4 வண்டிக்கு டுகாட்டி ஸ்பிரிங்கையே தேர்ந்தெடுத்தது. ஸ்பிரிங் எஃகு வெகுவாக மேம்பட்டுவிட்டது. நெடும்பயணத்துக்கான எஞ்சினுக்கு உச்ச வேகமும் தேவையில்லை. அதன் வால்வு சோதனை 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை போதும். பழைய விசுவாசிகளுக்கு வருத்தம்தான் என்றாலும், பொறியியல் கணக்கில் இது நேர்மையான முடிவு. நிமிடத்துக்கு 14,000 சுற்றைத் தாண்டும் பனிகாலே வி4 வண்டியிலோ 16 வால்வுகளும் இன்னும் இழுத்தே மூடப்படுகின்றன. சர்வீஸுக்கு வரும் நாளில் அளக்க வேண்டிய இடைவெளிகள் 32.