நாலு நாளில் நிறுத்திய குளிசை

வெள்ளவத்தையில் மாலைக் கிளினிக். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் முறை படிக்கும் ஒரு தம்பி அம்மாவோடு வந்திருந்தார் (ஆளைத் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மனச்சோர்வுக்கு நான் கொடுத்த குளிசை அட்டையை அம்மா கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். 14இல் நாலுதான் உடைத்திருந்தது. மருந்தின் பெயருக்கு மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது.

"ஆக்கள் வந்து போற வீடு டொக்டர். வைட்டமின் எண்டு சொல்லியிருக்கிறன்."

"தம்பி, ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"வயித்தைப் பிரட்டுது. மனசுக்கு ஒரு சுகமும் தெரியேல்ல."

அவர் சொன்னது உண்மைதான். ஃபுளுவொக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகளில் தொல்லை முந்தி வரும், பலன் பிந்தி வரும். குமட்டல், தலையிடி, நித்திரைக் குழப்பம் எல்லாம் முதல் நாட்களிலேயே தொடங்கி, பெரும்பாலும் ஓரிரு கிழமையில் அடங்கிவிடும். மனம் இலேசாவது தெரிய 2 முதல் 4 கிழமை வேண்டும், சிலருக்கு இன்னும் கூட. இதை நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். ஆனால் சோர்ந்துபோன பிள்ளைக்குக் கேட்டது மனதில் நிற்காது. இப்போதெல்லாம் தமிழில் ஒரு துண்டில் எழுதி, வீட்டார் கையிலும் கொடுக்கிறேன்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது அந்த முதல் கிழமைகளைத்தான். இளவயதினர் சிலருக்கு அப்போது சாகும் எண்ணம் கூடலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2004இல் சிறுவருக்கும் பதின்ம வயதினருக்கும் இந்த எச்சரிக்கையை மருந்தின் விவரத்தாளில் கட்டம் கட்டிப் போடவைத்தது, 2007இல் அதை 24 வயதுவரை நீட்டியது. அதற்காக மருந்துக்குப் பயந்து நோயை அப்படியே விடுவது அதைவிட ஆபத்து. பிள்ளை இருப்புக் கொள்ளாமல் தவித்தால், நித்திரையே இல்லாமல் அளவுக்கு மீறிப் பேசினால், சாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும், கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே கூப்பிடுங்கள். அட்டை பெரியவர் ஒருவரின் பொறுப்பில் இருக்கட்டும்.

சரி, பிள்ளை தேறிவிட்டார், நிறுத்தலாமா? தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். திடீரென விட்டால் தலைசுற்றும், சிலருக்குத் தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல் இருக்கும். இது போதைக்கு அடிமையானதன் அறிகுறி அல்ல. டொக்டர் சொல்கிறபடி மெல்ல மெல்லக் குறைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். டியூஷன் வகுப்பில் நண்பருக்கு இரண்டு குளிசை கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம்.

எல்லா வாட்டத்துக்கும் குளிசை தேவையில்லை. இலேசான சோர்வுக்கு உளவளத்துணையே பலருக்குப் போதும். எதற்கும் முதலில் யாரிடமாவது பேச வேண்டும். அங்கொடை என்ற பெயரைக் கேட்டாலே நம் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடுகிறது. அங்குள்ள தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே எந்த நேரமும் அழைக்கலாம்.