எட்டுப் பேரும் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள்

சில மாதங்களுக்கு முன் என் மனநல ஆலோசனை மையத்தில் காத்திருப்பு அறைக்கு மட்டும் மின்சாரம் போய்விட்டது. என் அறையிலும் வரவேற்பிலும் விளக்கு எரிந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்தவரைக் கூப்பிடக் கதவைத் திறந்தால், எட்டுப் பேர் இருட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கைபேசி வெளிச்சத்தில் முகங்கள் மட்டும் தெரிந்தன.

"எப்போ போச்சு?" என்றேன்.

"இருபது நிமிஷம் இருக்கும் மேடம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தார்களாம். ஓரத்தில் இருந்தவர் மட்டும் தயங்கித் தயங்கி, "எல்லாரும் அமைதியா இருந்தாங்களா, இது ஏதோ தியானம் மாதிரி உங்க சிகிச்சையில ஒண்ணு போலன்னு நினைச்சேன்" என்றார்.

அந்த அறையில் அவர் தனியாக இருந்திருந்தால் இரண்டாவது நிமிடமே எழுந்து வந்து கேட்டிருப்பார்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது 1968-இல் பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை. ஓர் அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே வந்து தகவல் சொன்னார்கள். பக்கத்தில் எதையும் கண்டுகொள்ளாமல் நடிக்க இரண்டு பேரை உட்காரவைத்தபோது சொன்னவர்கள் 10 சதவீதம்தான். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், புகையைக் கையால் விசிறிவிட்டுக்கொண்டு எழுதினார்கள். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டால் நீராவி என்றார்கள், ஏசியிலிருந்து வருகிறது என்றார்கள். இரண்டு பேர், நம்மை உண்மையை எழுதவைக்க விடுகிற வாயு என்றே நினைத்திருக்கிறார்கள். என் 'தியான' நண்பர் தனி ஆள் இல்லை.

இவர்களில் யாரையும் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல முடியாது. நிலைமை என்ன என்று புரியாதபோது நாம் பக்கத்து முகத்தைப் பார்க்கிறோம். அந்த முகமும் அதே நேரத்தில் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாம் பதற்றத்தை மறைத்துக்கொண்டு இயல்பாக இருப்பதுபோல் உட்கார்ந்திருப்பதை அவர், 'ஒன்றும் இல்லை போல' என்று எடுத்துக்கொள்கிறார். அவர் உட்கார்ந்திருப்பதை நாமும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். போதாததற்குப் பொறுப்பும் எட்டாகப் பிரிந்துவிடுகிறது. எட்டில் ஒரு பங்குக்காக எழுந்து நடக்க யாருக்கும் கால் வருவதில்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் ஒரு பதினைந்து வயதுப் பையன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் இருந்த வாட்ஸ்அப் குழுவில், கூடப் படிக்கும் பெண்ணின் படத்தை யாரோ அசிங்கமாக மாற்றிப் போட்டுவிட்டார்கள். அரை மணி நேரத்துக்குள் சிரிப்பு எமோஜிகள் குவிந்துவிட்டன. அந்தப் பெண் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. சிரித்தவர்களில் ஏழு பேரைப் பள்ளி நிர்வாகம் என்னிடம் அனுப்பியது. இந்தப் பையன் போட்டது மூன்று எமோஜி.

"அவன் அப்படிப்பட்ட பையன் இல்லை மேடம், சேர்க்கை சரியில்லை" என்றார் அம்மா. ஏழு வீட்டிலும் இதையே சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மற்ற ஆறு பேர்தான் கெட்ட சேர்க்கை.

பிள்ளைகளிடம் தனித்தனியாகப் பேசினேன். படத்தைப் பார்த்ததும் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு இவன் நெடுநேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு மாதிரி இருந்துச்சு" என்றான். மற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்றால், "அவங்களுக்கு ஜாலியாத்தான் இருந்திருக்கும்" என்றான். ஏழு பேரில் ஆறு பேர் கிட்டத்தட்ட இதே இரண்டு பதில்களைத்தான் சொன்னார்கள். தனக்கு மட்டும்தான் உறுத்துகிறது, மற்றவர்களெல்லாம் ரசிக்கிறார்கள் என்று ஒவ்வொருவனும் நம்பியிருக்கிறான். தன் உறுத்தலை மறைக்கச் சிரித்திருக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அடுத்தவனும் சிரித்திருக்கிறான்.

இதனால் செய்தது சரியாகிவிடாது. அதற்கான பொறுப்பை அவர்கள் ஏற்கத்தான் வேண்டும். ஆனால் 'என் பிள்ளை நல்லவன்' என்பதைக் காப்பீடாக நினைக்கும் பெற்றோருக்கு நான் சொல்வது, அந்தக் குழுவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நல்ல பிள்ளைகள்தான்.

அப்புறம் இன்னொரு பக்கமும் உண்டு. கூட்டம் என்றாலே கல்நெஞ்சம் என்று எழுதுவது எங்கள் துறையில் பழைய பழக்கம். 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டதை 38 பேர் வேடிக்கை பார்த்ததாக வந்த செய்தியைப் பாடப்புத்தகங்களிலேயே படித்தோம். அந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னால் தெரியவந்தது. ஒருவர் ஜன்னலிலிருந்து கத்திக் கொலைகாரனை விரட்டியிருக்கிறார். ஒரு பெண் கீழே இறங்கிப்போய் கிட்டியைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். சமீபத்தில் பிரிட்டன், நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் தெருச் சண்டைகளின் சிசிடிவி பதிவுகள் 219-ஐ ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பது சண்டைகளில் யாராவது ஒருவர் குறுக்கே வந்திருந்தார். ஆள் கூடக்கூட, யாராவது வருவதற்கான வாய்ப்பும் கூடியது. ஆபத்து கண்ணுக்கு நேரே தெரிந்தால் மனிதர்கள் வருகிறார்கள். இருபது நிமிட இருட்டு, ஒரு படம், கூட்டத்தில் மேலதிகாரி சொல்லும் தப்பான கணக்கு என்று இரண்டுங்கெட்டானாக இருக்கும் இடங்களில்தான் வாயடைத்துப் போகிறோம்.

அந்த அடைப்பை எடுப்பது நினைப்பதைவிடச் சுலபம். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் செய்த கோடு சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். எந்தக் கோடு சம நீளம் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் முன்பே பேசிவைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தப்பான பதிலைச் சொன்னதும், விஷயம் தெரியாமல் நடுவில் உட்கார்ந்திருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது அதற்குத் தலையாட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் தலையாட்டல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த ஒருவர் இன்னொரு தப்பான பதிலைச் சொன்னால்கூடப் பிடி தளர்ந்தது. பெரிய ஆளும் வேண்டாம், சரியான பதிலும் வேண்டாம். ஒத்துப்போகாத ஒரு குரல் கேட்டால் போதும்.

சாலையில் நீங்கள் விழுந்துகிடந்தால் "யாராவது உதவுங்க" என்று கத்தாதீர்கள். ஒருவரைக் கைகாட்டி, "நீலச் சட்டை அண்ணா, ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். எட்டாகப் பிரிந்த பொறுப்பு முழுதாக அவருடையதாகிவிடும். அலுவலகக் கூட்டம் நடத்துபவர் என்றால், பேச்சு தொடங்கும் முன்பே எல்லாரையும் தங்கள் கருத்தை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். என் காத்திருப்பு அறையிலும் 'விளக்கு அணைந்தால் தெரிவிக்கவும்' என்று எழுதி ஒட்டினேன். எல்லாருக்கும் எழுதினால் யாருக்கும் எழுதாததுதானே என்று வரவேற்பில் இருக்கும் பெண் சிரித்தாள். சரிதான். இப்போது கதவோரம் உட்காருபவரிடம் அவளே நேரில் சொல்லிவைக்கிறாள்.

பிள்ளைகளிடம் 'தைரியமாக எதிர்த்து நில்' என்று சொல்லிப் பயனில்லை. அனுப்பக்கூடிய அளவுக்குச் சின்னதாக ஒரு வாக்கியம் அவர்கள் கையில் வேண்டும். அன்று குழுவில் என்ன எழுதியிருக்கலாம் என்று அந்தப் பையனையே தட்டச்சு செய்யச் சொன்னேன். "இது மிகவும் தவறு, நாம் அனைவரும் அவளிடம் மன்னிப்பு..." என்று தொடங்கினான்.

"இதை அனுப்புவியா?"

"மாட்டேன் மேடம். என்னை வெச்சு செஞ்சிடுவாங்க."

அழித்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "டேய் போதும்டா, தூக்கு" என்று அடித்தான். "இது ஓகே" என்றான்.

அவன் பெயரைச் சொல்லாமல் மற்ற ஆறு பேரிடமும் கேட்டேன், அன்றைக்கு இப்படி ஒரு வரி வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. நான்கு பேர், தாங்களும் கூடவே ஒன்று போட்டிருப்போம் என்றார்கள். ஒருவன் தோளைக் குலுக்கினான். கடைசிப் பையன் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரு போட்டான்னு மொதல்ல பாத்திருப்பேன் மேடம்" என்றான்.