முதலில் பிரிண்டரின் முதுகைப் பாருங்கள்: மெயின்ஃபிரேம் காலத்து லைன் பிரிண்டரைப் பிசியோடு இணைத்தல்

மெயின்ஃபிரேம் என்ற பழைய பெருங்கணினிகளோடு வந்த லைன் பிரிண்டர் முழு வரியையும் ஒரே மூச்சில் அடிப்பது; நிமிடத்துக்கு 600 வரி என்றால் விநாடிக்குப் பத்து வரி. ரிப்பன் மலிவு. சுத்தியல் அடி என்பதால், கார்பன் வைத்த மூன்று நான்கு படித் தாளிலும் எழுத்து கீழ்ப்படி வரை இறங்கும். லேசர் பிரிண்டரால் இது ஆகாத காரியம். தாழையூத்திலோ விக்கிரமசிங்கபுரத்திலோ முக்கூடலிலோ ஒரு பழைய கணக்கு அலுவலகத்தில் இப்படி ஒரு பொறி துணி போர்த்திக் கிடக்கிறது என்றால், அதைப் பழைய இரும்புக்குப் போடும் முன் பிசியோடு சேர்த்துப் பார்க்கலாம். அதற்கு டிரைவரைத் தேடி இணையத்தில் உட்காருவது இரண்டாவது வேலை. முதல் வேலை பொறியைச் சுவரிலிருந்து நகர்த்தி அதன் முதுகைப் பார்ப்பது.

அங்கே 36 பின் கொண்ட, இரு பக்கமும் கம்பிக் கொக்கி வைத்த அகலமான வாய் இருந்தால் அதிர்ஷ்டம். அது சென்ட்ரானிக்ஸ் பேரலல். பிசியின் 25 பின் போர்ட்டிலிருந்து சாதாரண பிரிண்டர் கேபிள் போதும். 1 முதல் 13 வரை இரு முனையிலும் ஒரே வரிசைதான்: 1 ஸ்ட்ரோப் ("எடுத்துக்கொள்" என்ற துடிப்பு), 2 முதல் 9 வரை தரவு, 10 அக்னாலெட்ஜ் ("பெற்றேன்"), 11 பிஸி ("பொறு" என்ற குறி), 12 தாள் தீர்ந்தது, 13 செலக்ட். பிசி எட்டுத் தரவுக் கம்பிகளிலும் ஓர் எழுத்தை வைத்து, ஸ்ட்ரோப்பை அரை மைக்ரோவிநாடியாவது தாழ்த்தும். பிரிண்டர் 11ஆம் பின்னான பிஸியை உயர்த்தி எழுத்தை வாங்கிக்கொள்ளும். கேபிள் 3 மீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் நீண்டால் பக்கத்துக் கம்பியின் துடிப்பு ஸ்ட்ரோப்பில் ஏறி, ஓர் எழுத்து இரண்டாக விழும்.

14ஆம் பின் மட்டும் கவனத்துக்குரியது. அது ஆட்டோஃபீட். அது தாழ்ந்த நிலையில் இருந்தால், ஒவ்வொரு வரிமுடிவுக்கும் பிரிண்டர் தானாக ஒரு வரி தள்ளும். பிசியும் தன் பங்குக்குத் தள்ளும். அறிக்கை முழுவதும் ஒரு வரி விட்டு ஒரு வரி வந்தால் புரோகிராமைக் குறை சொல்லாமல், இந்தப் பின்னையும் பிரிண்டர் மெனுவில் ஆட்டோ எல்எஃப் என்ற அமைப்பையும் பாருங்கள்.

50 பின் வாய் இருந்தால் அது பெரும்பாலும் டேட்டாபிராடக்ட்ஸ் இணைப்பு. இங்கே பேச்சைத் தொடங்குவது பிரிண்டர். "கொடு" என்று அது டிமாண்ட் கம்பியை உயர்த்தும். கணினி எழுத்தை வைத்து ஸ்ட்ரோப் கொடுத்ததும் டிமாண்ட் இறங்கும். அடுத்த எழுத்துக்குத் தயாரானால் மறுபடி ஏறும். சென்ட்ரானிக்ஸில் ஸ்ட்ரோப் கீழ்நோக்கித் துடிக்கும், இதில் மேல்நோக்கி. போதாததற்குத் தாள் கட்டளைக்கென்று தனிக் கம்பி ஒன்றும் உண்டு. அது உயர்ந்திருக்கும்போது தரவுக் கம்பிகளில் வருவது எழுத்தல்ல, "இத்தனை வரி நகர்" என்ற ஆணை. ஆகவே இரண்டு முனையையும் வெட்டி நிறம் பார்த்து ஒட்டவைக்கும் வேலை இதில் நடக்காது. இடையில் ஒரு கன்வர்ட்டர் வேண்டும். பல பொறிகளில் இரண்டு வகை போர்டும் மாற்றிப் போட இடம் இருக்கும் என்பதால், உள்ளே பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

25 பின் சீரியல் வாய் என்றால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். விநாடிக்கு 9600 பிட் வேகத்தில், ஓர் எழுத்துக்குப் பத்து பிட் வீதம், சுமார் 960 எழுத்து போகும். 132 எழுத்து நிறைந்த வரியோடு வரிமுடிவுக் குறி இரண்டையும் சேர்த்தால் 134. நிமிடத்துக்கு ஏறத்தாழ 430 வரிதான் வரும். 600 வரிப் பொறி கால்வாசி நேரத்துக்கு மேல் வாய் பார்த்துக்கொண்டு நிற்கும். முதல் சில பக்கம் சரியாக வந்து, பிறகு வரிகள் நடுவில் விழுங்கப்பட்டால் "நிறுத்து" என்று பிரிண்டர் சொல்வது பிசிக்குக் கேட்கவில்லை என்று பொருள். தரவுக் கம்பியிலேயே குறி அனுப்பி நிறுத்தும் எக்ஸ்ஆன் எக்ஸ்ஆஃப் முறையா, தனிக் கம்பியால் நிறுத்தும் டிடிஆர் முறையா என்பது இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி வருவதுதான் பலரும் பணத்தைத் தொலைக்கும் இடம்: டிவி கேபிள் போன்ற ஒற்றை வட்ட பிஎன்சி வாய். இது ஐபிஎம் மெயின்ஃபிரேமின் திரைகளும் பிரிண்டர்களும் அடங்கிய 3270 குடும்பத்துக் கோஆக்ஸ் பிரிண்டர். இந்தக் குடும்பத்தில் பிரிண்டரும் திரையும் வேலைக்காரர்கள். முதலாளி கன்ட்ரோலர் என்ற தனிப்பெட்டி, 3274 அல்லது 3174. கன்ட்ரோலர் ஒவ்வொருவரையும் மாறி மாறிக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டே இருக்கும். கூப்பிட்டால் மட்டுமே பிரிண்டர் பதில் சொல்லும். இது தெரியாமல் பழைய 3270 எமுலேஷன் கார்டை வாங்கிப் பிசியில் செருகி, பிரிண்டரோடு கோஆக்ஸ் ஒயரால் இணைப்பவர்கள் உண்டு. அந்தக் கார்டு பிசியைத் திரையாக நடிக்க வைப்பது. அதுவும் ஒரு வேலைக்காரன்தான். இருவரும் முதலாளி எப்போது கூப்பிடுவார் என்று காத்திருப்பார்கள். ஒயர் சரி, கார்டு சரி, பிரிண்டர் சரி, ஒரு புள்ளிகூட விழாது. தேவை கன்ட்ரோலராக நடிக்கும் கன்வர்ட்டர். அதைவிட எளிது, அதே பொறியில் பேரலல் போர்ட் உண்டா என்று தேடுவது. ஐபிஎம் 6400 போன்ற, புள்ளிகளால் எழுத்தை அமைக்கும் பிற்கால லைன் மேட்ரிக்ஸ் பொறிகளில் உண்டு; மெனுவில் போர்ட்டை மாற்றினால் போதும்.

கன்வர்ட்டர்தான் வழி என்று முடிவானால் ஒயர் விஷயத்தில் கை இறுகக் கூடாது. கோஆக்ஸ் இணைப்புக்கு 93 ஓம் ஆர்ஜி-62 கேபிள். கேபிள் டிவிக்காரரிடம் கிடைப்பது 75 ஓம். பழைய நெட்வொர்க் ஒயர் 50 ஓம். மூன்றுக்கும் பிஎன்சி வாய் கச்சிதமாகப் பொருந்துவதால்தான் தவறு நடக்கிறது. ஓம் மாறும் இடத்தில் அலை முட்டித் திரும்பும்: 75 ஓம் ஒயரில் சுமார் 11 விழுக்காடு, 50 ஓம் ஒயரில் 30 விழுக்காடு. விநாடிக்கு 23 லட்சம் பிட்டுக்கு மேல் ஓடும் பாதையில் திரும்பும் அந்த அலை அடுத்த பிட்டின் மேல் விழுகிறது. மேசையடியில் இரண்டு மீட்டருக்கு எந்த ஒயரும் வேலை செய்வதாகத் தோன்றும். மாடிக்கு இழுத்ததும் படுத்துவிடும். நெல்லை வண்ணார்பேட்டையில் ஆர்ஜி-62 அகப்படாவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் சொல்லிவைத்து வாங்குங்கள்.

ஐபிஎம்மின் நடுத்தரக் கணினியான ஏஎஸ்/400 குடும்பத்து டுவினாக்ஸ் வேறு சாதி: இரட்டைக் கம்பி, ஒரே வரிசையில் ஏழு கருவி, முகவரி 0 முதல் 6 வரை, கடைசிக் கருவியில் மட்டும் ஒயரை முடித்துவைக்கும் டெர்மினேஷன். இரண்டு கருவிக்கு ஒரே முகவரி வைத்தால் இரண்டும் ஊமை. கட்டை போன்ற இரண்டு தடித்த சாம்பல் கேபிள்கள் நுழையும், மெயின்ஃபிரேமோடு நேரடியாக இணையும் பஸ் அண்ட் டேக் பொறியாக இருந்தால், வீட்டளவில் அதைத் தொடவேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

ஒயர் பேச ஆரம்பித்த பிறகு மொழிச்சிக்கல். ஐபிஎம் 1964இல் சிஸ்டம்/360 வரிசையோடு கொண்டுவந்த எழுத்துக்குறி எப்சிடிக். பிசி பேசுவது ஆஸ்கி. ஆஸ்கியில் பெரிய ஏ 65, எப்சிடிக்கில் 193. பூஜ்யம் இங்கே 48, அங்கே 240. இடைவெளி இங்கே 32, அங்கே 64. எப்சிடிக்கில் அகரவரிசை தொடர்ச்சியாகவும் இல்லை. ஐ 201இல் முடிந்து, ஜே 209இல் தொடங்கும். துளையட்டையின் வரிசை அமைப்பிலிருந்து வந்த பழக்கம் அது.

மொழிமாற்றம் இல்லாமல் அனுப்பினால் என்ன வரும் என்று நெல்லையை வைத்தே பார்க்கலாம். ஆங்கிலத்தில் ஆறு எழுத்து: என், இ, எல், எல், ஏ, ஐ. ஆஸ்கியில் 78, 69, 76, 76, 65, 73. எப்சிடிக் பிரிண்டருக்கு 78 என்றால் +, 76 என்றால் <. மற்ற மூன்றும் அடிப்படை எழுத்துக்கூட்டத்தில் இல்லாதவை. தாளில் விழுவது + << மட்டுமே. ஆஸ்கியில் 0 முதல் 9 வரையான இலக்கங்களின் குறிகளான 48 முதல் 57 வரை அங்கே கட்டுப்பாட்டுக் குறிகளின் பகுதி. ஆகவே தொகைகள் மொத்தமாக மறைந்துவிடும். வெற்றுத் தாளில் ஆங்காங்கே +, <, &, ( சிதறிக் கிடந்தால் ரிப்பனைச் சந்தேகிக்காதீர்கள். கன்வர்ட்டரில் மொழிமாற்ற அட்டவணை அணைந்திருக்கிறது.

எதிர்த்திசையிலும் இதே சங்கடம். மெயின்ஃபிரேமிலிருந்து அறிக்கைக் கோப்பு பிசிக்கு வருகிறது, அதை இந்தப் பொறியில் அடிக்க வேண்டும். கோப்பில் வரிமுடிவுக் குறியே இருக்காது. ஒவ்வொரு வரியும் 133 எழுத்து, வெட்டு ஒட்டு இல்லாமல் அடுத்தடுத்து நிற்கும். லினக்ஸில் டிடி கட்டளைக்கு ஆஸ்கி மாற்றமும் 133 என்ற நீளமும் சொன்னால், எழுத்தையும் மாற்றி வரியையும் பிரித்துத் தரும். எச்சரிக்கை ஒன்று: கோப்பில் சுருக்கிய எண்கள், அதாவது பேக்டு டெசிமல், இருந்தால் இந்த மாற்றம் அவற்றைச் சிதைத்துவிடும். அச்சுக்கென்று எழுதப்பட்ட அறிக்கைக் கோப்பை மட்டுமே இப்படிச் செய்யலாம்.

132 இருக்க ஏன் 133? முதல் எழுத்து அச்சுக்கு அல்ல, தாளுக்கு. அது இடைவெளி என்றால் ஒரு வரி நகர். 0 என்றால் இரண்டு. கழித்தல் குறி என்றால் மூன்று. + என்றால் நகராமல் அதே வரியின் மேல் மறுபடி அடி. 1 என்றால் புதிய பக்கம். ஐபிஎம் 1403 போன்ற பொறிகளில் வளையமாக ஒட்டிய காகித நாடா ஒன்று தாளோடு சேர்ந்து சுற்றும். அதில் 12 தடங்கள். முதல் தடத்தில் துளை வரும் இடமே பக்கத்தின் தலை. "1" என்பது அந்தத் தடத்தின் எண். பிசிக்கு இது தெரியாது. அது 1ஐயும் 0ஐயும் இடது ஓரத்தில் அப்படியே அச்சடிக்கும். இரண்டாம் இடத்திலேயே தொகை தொடங்கும் அறிக்கையாக இருந்தால் 500 ரூபாய் 1500 ஆகிவிடும்! லினக்ஸில் ஏஎஸ்ஏ என்ற சிறு கட்டளை இந்த முதல் எழுத்தைப் படித்து உரிய தாள் நகர்வாக மாற்றும். விண்டோஸில் இருபது வரிப் புரோகிராம் ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

லினக்ஸிலிருந்து நேரடியாக அனுப்பும்போது வரிகள் குறுக்குத்துறைப் படித்துறை போல வலப்பக்கமாக இறங்கிக்கொண்டே போனால், வரி நகர்கிறது, அச்சு தொடங்கும் இடம் இடப்பக்கம் திரும்பவில்லை என்று அர்த்தம். லினக்ஸ் வரிமுடிவுக்கு ஒரே குறியை அனுப்பும். யுனிக்ஸ்டுடாஸ் கட்டளை இன்னொன்றைச் சேர்த்துவிடும்.

விண்டோஸில் பிரிண்டரைச் சேர்க்கும்போது தயாரிப்பாளர் பட்டியலில் ஜெனரிக், மாடலில் ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி. வேறு டிரைவர் பக்கத்தைப் படமாக வரைந்து புள்ளி புள்ளியாக அனுப்பும். எஃகுப் பட்டையில் எழுத்து வெட்டிய பொறிக்கு அது உளறல், லைன் மேட்ரிக்ஸ் பொறிக்கு ஆமை வேகம். ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் ஒரு வெற்றுத்தாள் வெளியே வந்தால் பிரிண்ட் பிராசஸரில் ரா என்பதைத் தேர்ந்தெடுங்கள். எஃப்எஃப், அதாவது "பக்கம் தள்ளு", என்று ஒட்டு வைத்த ரா வேண்டாம். யுஎஸ்பி பேரலல் கேபிள் போட்டவர்களுக்கு, டாஸ் கால ஃபாக்ஸ்புரோ போன்ற புரோகிராம்கள் பிசியின் பழைய பேரலல் போர்ட்டான எல்பிடி1ஐத் தேடி ஏமாறும். அந்தக் கேபிள் எல்பிடி போர்ட்டை உருவாக்குவதில்லை. பிரிண்டரை நெட்வொர்க்கில் பகிர்ந்து, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1ஐ அந்தப் பகிர்வுப் பெயரோடு கட்டிவைத்தால் வழி பிறக்கும். தமிழ் எழுத்தை இந்த டெக்ஸ்ட் டிரைவர் கேள்விக்குறியாகவே அடிக்கும்.

அடுத்தது தாள் நீளம். இறக்குமதியான பொறிகள் 11 அங்குலத் தாளுக்கு, அதாவது 66 வரிக்கு அமைக்கப்பட்டு வருவது வழக்கம். நம் கடைகளில் கேட்டால் கிடைப்பது பத்துக்குப் பன்னிரண்டு அல்லது பதினைந்துக்குப் பன்னிரண்டு. 12 அங்குலம், அங்குலத்துக்கு 6 வரி, மொத்தம் 72. அமைப்பை மாற்றாவிட்டால் இரண்டாம் பக்கத்தின் தலைப்பு முதல் தாளின் கடைசி அங்குலத்தில் விழும். மூன்றாம் பக்கம் இன்னும் ஓர் அங்குலம் மேலே. 12 பக்கம் அடித்து முடிக்கையில் 11 தாள்தான் செலவாகியிருக்கும், 13ஆம் பக்கம் மறுபடி சரியான இடத்தில் உட்காரும். "சில நேரம் சரியாக வருகிறது" என்ற புகாரின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். பிரிண்டர் மெனுவில் 72 என்று வையுங்கள். அனுப்பும் புரோகிராமிலும் அதே எண்.

மின்சாரத்தில் கவனிக்க வேண்டியது எர்த். பிரிண்டர் ஒரு கட்டடத்திலும் பிசி இன்னொன்றிலும் இருந்து, இரண்டுக்கும் தனித்தனி எர்த் குழி என்றால் கேபிளின் உறைதான் இரண்டு குழிகளுக்கும் பாலம். ஐப்பசி கார்த்திகை இடிமழையில் அந்தப் பாலத்தின் வழியே ஓடும் மின்னோட்டம் இரு முனையிலும் உள்ள சிப்புகளை எரித்துவிடும். கட்டடம் தாண்டுவதாக இருந்தால் செம்புக் கேபிளை விட்டு, பிரிண்டர் பக்கத்தில் ஒரு பிரிண்ட் சர்வர் பெட்டி வைத்து, இடைப்பட்ட தூரத்துக்கு ஆப்டிகல் ஃபைபர் போடுங்கள். பிசிக்கு வைத்த சின்ன யுபிஎஸ்ஸில் லைன் பிரிண்டரைச் செருகக் கூடாது.

எதுவும் பிடிபடாத நேரத்துக்கு ஹெக்ஸ் டம்ப் முறை இருக்கிறது. பெரும்பாலான பிற்காலப் பொறிகளின் மெனுவில் உண்டு. அதை இயக்கினால் பிரிண்டர் வந்த குறிகளை நிறைவேற்றாமல், அவற்றின் எண்களை அடிக்கும். எண்களே வராவிட்டால் ஒயர் அல்லது போர்ட். எண் வந்து தவறாக இருந்தால் மொழிமாற்றம். எண் சரியாக இருந்தும் தாள் தவறினால் நீள அமைப்பு.

எல்லாம் சரியான பிறகு குறைந்தது 30 பக்கமாவது ஒரே ஓட்டமாக அடித்துப் பாருங்கள். 12 பக்கச் சுழற்சி அதில் இரண்டு முறை வந்துபோகும். தென்காசி, குற்றாலம் பக்கம் என்றால் சாரல் காலத்தில் தாள் ஈரம் குடித்து ஓரம் அலையலையாகும், துளைகள் தாளை இழுக்கும் டிராக்டர் பற்களில் ஏறாமல் கிழியும். அடிக்கப்போகும் தாள்கட்டை ஒரு நாள் முன்னதாகவே பிரிண்டர் இருக்கும் அறையில் பிரித்து வையுங்கள். மீதியைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுக்க வேண்டாம். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் ஜன்னல் திறந்திருந்தால் புழுதி ரிப்பனில் ஒட்டி, சுத்தியல் அடிக்கும் ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் போல் அதைத் தேய்க்கும். அங்கே வாரம் ஒரு முறை வேக்குவம் கிளீனர் போடுங்கள். ஊதித் தள்ளினால் அதே புழுதி உள்ளே சுத்தியல்களுக்கு இடையில் போய் உட்காரும்.