பழைய காருக்கு பேட்டரி போடலாமா? முன்பணம் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

போன மாதம் மாமா ஃபோன் செய்தார். "ஏம்ப்பா, நம்ம பத்மினி காருல இன்ஜினை எடுத்துட்டு மோட்டாரும் பேட்டரியும் வச்சுத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். ஆர்.சி. வேலையும் அவரே பார்த்துக்குவாராம். பாதிப் பணம் முதல்லயே கேட்கிறார், கொடுத்துடவா?"

"கொடுக்காதீங்க மாமா. முதல்ல ஆர்.சி. புக்கை எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன்.

பழைய காரை மின்சாரத்துக்கு மாற்றும் ஆசை எனக்கும் பிடித்த ஆசைதான். பார்த்துப் பார்த்து வளர்த்த வண்டியை இரும்புக் கடைக்குத் தள்ளாமல், புகையில்லாமல் இன்னும் பத்து வருடம் ஓட்ட முடியும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? இந்தியாவில் இதற்குச் சட்டப்படியான வழியும் இருக்கிறது. ஆனால் அந்த வழி எல்லாப் பழைய கார்களுக்கும் திறந்திருக்கவில்லை. உங்கள் கார் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாமல் பணத்தைக் கொடுத்துவிட்டால் பின்னால் அவஸ்தைதான்.

அடிப்படையிலிருந்து வருவோம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவுதான் எல்லாவற்றுக்கும் வேர். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்கள் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. அதே பிரிவுதான் ஒரு விலக்கும் தருகிறது: பேட்டரி, சி.என்.ஜி., எல்.பி.ஜி. போன்ற வேறு எரிபொருளிலோ ஆற்றலிலோ ஓட்டுவதற்காக, மத்திய அரசு விதித்த நிபந்தனைகளின்படி மாற்று கிட், அதாவது மாற்றத்துக்கான பாகங்களின் தொகுப்பு, பொருத்தலாம். ஆக, இன்ஜினை எடுத்துவிட்டு மோட்டார் வைப்பதே குற்றம் என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. நிபந்தனையைப் பின்பற்றாமல் வைப்பதுதான் குற்றம். 2019-இல் திருத்தி எழுதிய 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். கவனியுங்கள், இதில் மாட்டுவது வண்டியின் சொந்தக்காரர். "நாங்க பார்த்துக்கறோம்" என்று வாக்குக் கொடுத்த ஒர்க்‌ஷாப்காரரின் பெயர் ஆர்.சி.யில் இல்லை.

நிபந்தனைகள் 2016-இல் வந்தன. அந்த ஆண்டு ஜூனில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, மின்சார கிட் பொருத்துவதற்கான விதியைச் சேர்த்தார்கள். தொழில்நுட்பச் சோதனைகளுக்கான தரம் ஏ.ஐ.எஸ். 123. அதில் மூன்று பாகங்கள் உண்டு. முதல் இரண்டும் இன்ஜினோடு மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டுக்கு, மூன்றாம் பாகம் முழு மின்சார வண்டிக்கு. நமக்கு வேண்டியது மூன்றாம் பாகம்.

இங்கேதான் பழைய கார் பிரியர்கள் முட்டிக்கொள்ளும் சுவர் வருகிறது. முழு மின்சார மாற்றத்துக்கு உரியவை 1990 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு தயாரான வண்டிகள். அபாயகரமான சரக்கு ஏற்றும் பர்மிட் உள்ள வண்டிகளுக்கும் அனுமதி இல்லை, ஆனால் அது நம் கவலை இல்லை. நம் கவலை தேதிதான். ஆர்.சி.யில் பதிவு செய்த தேதி ஒன்று இருக்கும், தயாரித்த மாதமும் ஆண்டும் தனியாக இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டாவதை. 1989 கடைசியில் தயாராகி 1990 பிப்ரவரியில் பதிவான வண்டி என்றால், பதிவுத் தேதியை நம்பி ஏமாந்துவிடக் கூடாது.

தொண்ணூறுகளில் வந்த மாருதி 800, ஜென், எஸ்டீம், பிற்கால அம்பாசடர், கான்டெஸா இவையெல்லாம் ஆண்டு வரம்புக்குள் வந்துவிடும். அறுபதுகளின் அம்பாசடரும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் எழுபதுகளின் பத்மினியும் வராது. அழகான, பெயர் பெற்ற கார்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் இருக்கின்றன என்பது எனக்கும் வருத்தம்தான்.

சரி, உங்கள் கார் 1990-க்குப் பிந்தையது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி கிட் பற்றியது. மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி, சார்ஜர் என்று தனித்தனியாக வாங்கி வீட்டுக் கொட்டகையில் பொருத்தினால், அது எவ்வளவு நேர்த்தியான வேலையாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் செல்லாது. கிட்டைத் தயாரிப்பவர் அதை அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தில் காட்டி, வகை ஒப்புதல் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட், சென்னைக்குப் பக்கத்தில் ஓரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்றவை அத்தகைய நிலையங்கள். பொருத்துவதும் அந்தக் கிட் தயாரிப்பாளர் அங்கீகரித்த ஆளாக இருக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த வரியில். ஒப்புதல் கிட்டுக்கு மட்டும் தரப்படுவதில்லை. எந்தெந்த மாடல் வண்டிக்கு அந்தக் கிட் என்பதோடு சேர்த்துத்தான் தரப்படுகிறது. என் நண்பர் ஒருவர் தன் 1996 ஜென் காரை மாற்றினார். வேலை அருமையான வேலை. ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிள்கள் நூல் பிடித்த மாதிரி ஓடும், பானெட்டைத் திறந்தால் கையால் தடவிப் பார்க்கத் தோன்றும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்க்கும் முன் சான்றிதழைக் கேட்டார். மூன்றாவது பக்கத்தில் விரலை வைத்து, "இதுல உங்க மாடல் இல்லையே சார்" என்றார். அதில் இருந்தது வேறொரு நிறுவனத்தின் சிறிய காரின் பெயர். பொருத்திக் கொடுத்தவர்கள் "எல்லாத்துக்கும் செல்லும்" என்று சொல்லியிருந்தார்கள். ஒன்றரை வருடமாக அந்த ஜென் ஷெட்டில் நிற்கிறது. உள்ளே பேட்டரி, ஆர்.சி.யில் இன்னும் பெட்ரோல்.

அதனால் முன்பணத்துக்கு முன் ஒப்புதல் சான்றிதழின் முழு நகலை வாங்கிப் படியுங்கள். முதல் பக்கத்தின் வாட்ஸ்அப் படம் போதாது. உங்கள் மாடல் பெயர் இருக்க வேண்டும், சான்றிதழின் காலம் முடிந்திருக்கக் கூடாது, கிட்டின் மோட்டார், பேட்டரி விவரங்கள் உங்களுக்குத் தரும் பொருளோடு ஒத்துப்போக வேண்டும். பழைய மாடல்களுக்கு ஒப்புதல் வாங்கிய கிட் கிடைப்பது அரிது, ஏனென்றால் சோதனைச் செலவு பெரிது, வாங்குபவர்கள் கொஞ்சம். கிடைக்கவில்லை என்றால் காத்திருப்பதே நல்லது.

வேலை நடக்கும்போது நீங்களே கவனிக்க வேண்டியவையும் உண்டு. முதலாவது எடை. 15 கிலோவாட்-மணி பேட்டரி என்றாலே 100 கிலோவைத் தாண்டிவிடும். இன்ஜினும் பெட்ரோல் டேங்கும் போனதில் கொஞ்சம் ஈடுகட்டினாலும், பேட்டரியை எங்கே வைக்கிறார்கள் என்பது முக்கியம். மொத்தத்தையும் டிக்கியில் ஏற்றிவிட்டால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், முன் சக்கரம் சாலையைப் பிடிக்காது. அப்புறம் பிரேக். பூஸ்டர் உள்ள கார்களில் பிரேக் மிதியை இலேசாக்குவது பெட்ரோல் இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம். இன்ஜின் போனால் அதுவும் போகும். மிதி கல் மாதிரி ஆகிவிடும். தனியாக மின்சார வேக்குவம் பம்ப் வைத்தார்களா என்று கேளுங்கள். ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில், ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் வைப்பருக்கும் 12 வோல்ட் தரும் டி.சி. கன்வெர்ட்டர் வர வேண்டும். சார்ஜ் ஒயர் செருகியிருக்கும்போது வண்டி நகரக் கூடாது. இதை நீங்களே ஒருமுறை சோதித்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

இனி ஆர்.டி.ஓ. அலுவலகம். மாற்றம் செய்த 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, ஆர்.சி.யைக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, புதிய விவரத்தைப் பதிய வேண்டும் என்கிறது 52-ஆவது பிரிவு. என் யோசனை, வேலை தொடங்கும் முன்பே அலுவலகத்துக்கு ஒரு நடை போய், சான்றிதழ் நகலைக் காட்டிப் பேசிவிட்டு வாருங்கள். என் நண்பர் அப்படிச் செய்திருந்தால் அந்த ஜென் இன்று ஓடிக்கொண்டிருக்கும். வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். ஆய்வு முடிந்து ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் மின்சாரம் என்று ஏறிய பிறகுதான் மாற்றம் சட்டப்படி முடிந்ததாக அர்த்தம். நம்பர் பிளேட்டும் மாறும்: சொந்த உபயோக வண்டிக்குப் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்குப் பச்சையில் மஞ்சள்.

இன்ஷூரன்ஸை மறந்துவிடாதீர்கள். பாலிசியில் பெட்ரோல் கார் என்று இருந்து, மோதியது பேட்டரி கார் என்றால் நிறுவனம் கேள்வி கேட்கத்தான் செய்யும். புதிய ஆர்.சி. கைக்கு வந்ததும் எழுத்தில் தெரிவித்து, பாலிசியைத் திருத்திய நகலை வாங்கி வையுங்கள். 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, மின்சாரக் கார்களுக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் 15 சதவீதம் தள்ளுபடி உண்டு.

மானியம் உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கார் மாற்றத்துக்கு மத்திய மானியத்தை எதிர்பார்க்காதீர்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டம் இருசக்கரம், மூன்று சக்கரம், பஸ், லாரி, ஆம்புலன்ஸ் இவற்றுக்கானது. சொந்தக் கார் அதில் இல்லை. சாலை வரிச் சலுகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் ஒரு சலுகை பலருக்குத் தெரியவில்லை. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அந்தக் கட்டணம் காருக்கு 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000. பேட்டரி வண்டிகளுக்கோ ஆர்.சி. வழங்கும் கட்டணத்திலும் புதுப்பிக்கும் கட்டணத்திலும் 2021 ஆகஸ்ட் 2 அறிவிப்பு விலக்கு தந்திருக்கிறது. ஆர்.சி.யில் மின்சாரம் என்று ஏறிவிட்டால், அடுத்த புதுப்பித்தலின்போது இந்த அறிவிப்பைக் காட்டிக் கேளுங்கள்.

இப்போது 1990-க்கு முந்தைய கார்களுக்கு வருகிறேன். அவற்றில் 50 ஆண்டு ஆனவற்றுக்கு வேறொரு வழி இருக்கிறது, அது மின்சாரத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் போகும் வழி. 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதற்கு விண்ணப்பிக்கலாம். அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் படிவம் 20, இன்ஷூரன்ஸ், பழைய ஆர்.சி., கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. மாநில எழுத்துகளை அடுத்து வி.ஏ. என்று வரும் தனி எண் கிடைக்கும். மூன்றாம் நபர் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. தினசரி வேலைக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு எடுத்துப் போகலாம்.

முக்கியமான நிபந்தனை: வண்டி அசல் வடிவிலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அது விண்டேஜ் இல்லை. இன்ஜினை எடுத்துவிட்டு மோட்டார் வைப்பதைவிடப் பெரிய மாற்றம் வேறென்ன? பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவும் இதையே சொல்கிறது: நவீன மோட்டாரும் பேட்டரியும் வைப்பதை அது ஊக்குவிப்பதில்லை, அப்படியும் செய்பவர்கள், பழையபடி திரும்ப மாற்ற முடிகிற விதத்தில் செய்து, கழற்றிய அசல் பாகங்களைக் குறித்துவைத்துப் பத்திரமாக வைக்க வேண்டும் என்கிறது. தொண்ணூறுகளின் காரை மாற்றுபவர்களுக்கும் இந்தக் கடைசி அறிவுரை பொருந்தும். பழைய இன்ஜினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

மாமா ஆர்.சி. புக்கோடு வந்தார். பிளாஸ்டிக் உறை மஞ்சளாகி ஒட்டிப்போயிருந்ததால் மெதுவாகப் பிரித்து எடுத்தோம். தயாரிப்பு 1978, பதிவும் அதே ஆண்டு நவம்பரில். மின்சார மாற்றத்துக்கான வரம்புக்குப் பன்னிரண்டு ஆண்டு முந்தையது. ஆனால் 2028 நவம்பரில் அந்தப் பத்மினிக்கு 50 ஆகிறது. இன்ஜின் எண்ணை டார்ச் அடித்துப் பார்த்தோம், ஆர்.சி.யில் இருப்பதும் பிளாக்கில் அடித்திருப்பதும் ஒன்றேதான். கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய நல்ல மெக்கானிக் யாராவது தெரியுமா என்று மாமா இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்.